உருள மாட்டேன், அத்தை

என்னைத் திட்டித் திட்டியே எழுந்து நடக்க வைத்த என் ஆசை அத்தைக்கு,

திருவிழா முடிந்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. பந்தல் பிரித்தாயிற்று. ரேடியோ செட்காரர் குழாயைக் கழற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போய்விட்டார். இதற்குள் உங்களுக்குச் சேதி வந்திருக்கும். நம் ஊர்ச் சேதி செத்தவர்களை மட்டும் விட்டுவைக்குமா? அதுவும் உங்கள் மகள் பவுனு மதினி வாயில் விழுந்த சேதி. அவர் கண்ணு மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் உருளவில்லை, அத்தை.

எனக்காக முத்தாலம்மனிடம் நீங்கள் வைத்த வேண்டுதல் அது. ஈரச் சேலையோடு கோயிலை மூன்று சுற்று தரையில் உருண்டு வருவதாக, என் சார்பில், என்னைக் கேட்காமல் நீங்கள் வேண்டிக்கொண்டீர்கள். நீங்கள் கண்மூடிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேண்டுதலை மறந்துராத தாயி” என்றீர்கள். நான் “சரி அத்தே” என்றேன். அந்தச் சரியைத்தான் நான் மீறியிருக்கிறேன். ஏன் மீறினேன் என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து தெரியாது. நான் என்றைக்கு உங்களை முழுசாகப் பேசவிட்டுக் கேட்டேன், நீங்கள் என்றைக்கு என்னைப் பேசவிட்டீர்கள்?

நம் தோட்டத்தில் வெங்காயம் பறித்துக்கொண்டிருந்த நாள். நிறைந்த கூடையைக் குனிந்து தூக்கினேன். இடுப்பில் மளுக்கென்றது. பிறகு இரண்டு வருஷம் என் முதுகு ஊர்ச் சொத்தாகிவிட்டது. ஒருத்தர் எண்ணெய் போட்டு உருவினார், ஒருத்தர் பத்துப் போட்டுக் கட்டினார், ஒருத்தர் வேப்பிலை அடித்து மந்திரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன்.

அப்புறம் அந்தச் செருப்பு. திண்டுக்கல்லுக்குப் போகும்போது மட்டும் நான் போடுகிற செருப்பு. நத்தம் ரோட்டில் பஸ்ஸுக்காக நடந்துகொண்டிருந்தோம். பின்னால் வந்த நீங்கள், “ஏத்தா அழகு, ஒரு கால் செருப்பு எங்க?” என்றீர்கள். குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. கட்டைவிரலில் ரத்தம். செருப்பு கழன்றதும் எனக்குத் தெரியவில்லை, கல் தடுக்கியதும் தெரியவில்லை. உங்கள் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பேகம்பூர் டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். உடனே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, மதராஸுக்குக் கொண்டு போங்கள், முதுகெலும்பில் ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் இந்தக் கால் வராது என்று சொல்லிவிட்டார். அதுவரை மதுரையைத் தாண்டாத நீங்கள், ஒரு மூட்டை முறுக்கும் ஒரு டின் ஊறுகாயும் கட்டிக்கொண்டு என்னோடு ரயில் ஏறினீர்கள். உங்கள் மகன் தோட்டத்தையும் எங்கள் குழந்தையையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார். ஆபரேஷனுக்கு முதல் நாள் மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

அந்த ஆஸ்பத்திரியில் நீங்கள் செய்ததை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன். கட்டிலுக்குக் கீழே முந்தானையை விரித்துப் படுத்தீர்கள். தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்று சொன்ன நர்ஸோடு மல்லுக்கு நின்றீர்கள். முதுகைத் திறந்து தைத்த பிறகு என்னைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே கட்டையாகத்தான் திருப்ப வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் தோள் ஒரு பக்கம் முறுகக் கூடாது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். போர்வையின் இரண்டு மூலையை அவர் பிடிக்க, இரண்டு மூலையை நீங்கள் பிடித்தீர்கள். நான்காம் நாள் நர்ஸ் அவசரத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டபோது, “பொறும்மா! முறுகுதுல்ல?” என்று அவரையே அதட்டினீர்கள்.

முதுகு முறுகக் கூடாது என்று அந்த வார்டில் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அப்படிப்பட்ட நீங்களா அத்தை, என்னை உருளச் சொல்லி வேண்டிக்கொண்டது?

எனக்குக் கண் தெளிந்ததும் நீங்கள் சொன்ன முதல் சேதியே அதுதான். உள்ளே என்னை அறுத்துக்கொண்டிருந்தபோது, வெளியே வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டீர்களாம். “எம் மருமக எந்திரிச்சு நடந்துட்டா, அவளை ஒன் கோயிலச் சுத்தி உருண்டு குடுக்கச் சொல்றேன்னு ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன். இனிமே ஒண்ணும் பயமில்ல.”

“அத்தே, முதுகை வெட்டித் தச்சிருக்கு. உருளவா சொல்றீங்க? வேண்டினது நீங்கதானே, நீங்க உருளக் கூடாதா?” என்று கேட்டேன். சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் வலித்தது.

“நான் உருண்டா அதுல ஆத்தாவுக்கு என்ன மருவாதி? நோவு யாருக்கோ அவதேன் உருளணும். ஊர்ல அம்புட்டுப் பேரும் அப்பிடித்தேன் செய்றாக” என்றீர்கள். தலைவலி என்று வேண்டியவர் தலையில் தீச்சட்டி எடுக்கவில்லையா, பிள்ளைக்கு வேண்டியவர் பிள்ளையைத் தொட்டில் கட்டித் தூக்கவில்லையா என்று வரிசையாகக் கேட்டீர்கள். ஆத்தா கணக்கில் அதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். என் முதுகுக் கணக்கில்தான் உதைத்தது.

ஊர் திரும்பியதும் என் முதுகைப் பார்க்க அம்புட்டுப் பேரும் வந்தார்கள். ரவிக்கையைத் தூக்கிக் காட்டியே எனக்கு வெட்கம் விட்டுப்போயிற்று. நீங்கள் வாசலில் நின்று, “எல்லாம் சரியாப் போச்சு, பூரணமாக் கொணமாயிருச்சு” என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினீர்கள். கால் சரியாகித்தான் இருந்தது. செருப்பு காலில் நின்றது, கல் குத்தினால் தெரிந்தது. ஆனால் வலி அத்தை? இடுப்பில் யாரோ ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி அந்த வலி, அது எங்கே போயிற்று? ஒரு நாள்கூடப் போகவில்லையே.

காலையில் எழுந்ததும் பாயிலிருந்து நிமிர்வதற்கே சுவரைப் பிடித்து மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டும். அரிவாள்மணை முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்தால் எழ முடியாது. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவேன். மார்கழிக் குளிரில் தையல் போட்ட இடம் தனியாக ஒரு ஜீவன் மாதிரி விண்விண்ணென்று துடிக்கும். இதை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். “ஆபரேசன்தேன் பண்ணியாச்சே, பெறகென்ன வலி?”

மத்தியானம் ஒரு மணி நேரம் பலகையில் மல்லாந்து படுத்தால்தான் சாயங்கால வேலை ஓடும். அதைப் பார்த்து உங்கள் மகள் என்ன சொன்னார்? “நல்லாத்தேன் இருக்கா. களையெடுக்கிற நேரம் வந்தா மட்டும் இடுப்பு நோகும் அவளுக்கு” என்றார். நீங்கள் அன்று பேசாமல் இருந்தீர்கள். எனக்காக நர்ஸையே அதட்டிய வாய் அன்றைக்கு ஏன் திறக்கவில்லை என்று நான் வெகுநாள் யோசித்தேன்.

எல்லாவற்றையும்விட என்னை அறுத்தது நம் சின்னவள்தான். நான் மதராஸிலிருந்து வந்தபோது அவளுக்கு மூன்று வயது. “தூக்கும்மா” என்று கையை விரித்துக்கொண்டு வருவாள். பெற்ற பிள்ளையை இடுப்பில் வைக்க முடியாத அம்மாவாக நான் நிற்பேன். நீங்கள் ஓடிவந்து தூக்கிக்கொள்வீர்கள். கொஞ்ச நாளில் அவள் என்னிடம் கையை விரிப்பதையே விட்டுவிட்டாள். அன்றைக்கு நான் மாட்டுக்கொட்டத்தில் போய் அழுதேன். நீங்கள் பார்த்தீர்கள், ஆனால் கேட்கவில்லை.

அழுதது போதும் என்று நானே ஒரு நாள் முடிவு செய்துகொண்டேன். உங்கள் மகனிடம் சொல்லி, அடுப்பை இடுப்பு உயரத்துக்கு மண்ணும் கல்லும் வைத்துத் தூக்கிக் கட்டச் சொன்னேன். நீங்கள் குதித்தீர்களே ஒரு குதி! “அடுப்பு முன்னால நின்னுக்கிட்டா? பட்டாளத்துக்காரன் மாதிரியா? லெச்சுமி தங்குமா வீட்டுல?” ஆறே மாதம்தான். ஒரு நாள் நான் தோட்டத்திலிருந்து வரும்போது, அதே அடுப்பின் முன்னால் நின்று வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்தீர்கள். “பாத்துக்கிட்டு நிக்காத. எனக்கும் மொழங்காலுக்குத் தேவலையா இருக்கு” என்றீர்கள். அன்று நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

முதல் வருஷம், தையல் புதுசு என்று வேண்டுதலைத் தள்ளிப்போட்டோம். அடுத்த வருஷம் மழை தப்பி, ஊரே திருவிழா வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. அதற்கு அடுத்த பங்குனியில் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. இரண்டே நாள். வேண்டுதல் அப்படியே நின்றுபோயிற்று.

உங்களுக்குக் காரியம் முடிந்த மறுநாளே பவுனு மதினி ஆரம்பித்துவிட்டார். “அம்மா கனவுல வந்துச்சு. கோயில் வாசல்ல உள்ளயும் போகாம வெளியயும் போகாம நிக்கிது. இவ உருண்டு குடுக்கிற வரைக்கும் அது அலையத்தேன் செய்யும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒனக்கு வலி ஏன் போகலைன்னு இப்பத் தெரியுதா? ஆத்தா பிடிச்சு வச்சிருக்கா” என்றார்.

அலைகிறீர்களா, அத்தை? நிஜமாகவே கேட்கிறேன். அந்த ஒரு வார்த்தை ஆறு மாதம் என்னைத் தூங்க விடவில்லை. நீங்கள் கோயில் வாசலில் கால் கடுக்க நிற்பதாக நினைத்துப் பார்ப்பேன். உங்களுக்கு முழங்கால் வலி வேறு.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கே உருள ஆசை வந்துவிட்டது. ஒருவேளை மதினி சொல்வது மெய்யாக இருந்தால்? உருண்டால் வலி போகும் என்றால், கோயிலைச் சுற்றி என்ன, சிறுமலை உச்சியிலிருந்தே உருண்டு வந்திருப்பேன். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால் பேகம்பூர் டாக்டரிடம் போனேன். உருளும்போது வலி தெரியாமல் இருக்க ஒரு மாத்திரை கேட்கத்தான் போனேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “உருளவா? யாரும்மா சொன்னது? முதுகுல எலும்பைக் கொஞ்சம் வெட்டி எடுத்திருக்காங்க. தரையில முறுக்கி உருண்டா காலுக்குப் போற நரம்பு திரும்ப நசுங்கலாம். கால் போனாலும் போகும். போகாமலும் இருக்கலாம். ஆனா என் மகளா இருந்தா நான் விட மாட்டேன்.”

“உருண்டாத்தான் வலி போகும்னு சொல்றாக சார்” என்றேன்.

மதராஸில் கொடுத்த இங்கிலீஷ் காகிதம் என் பையில் இருந்தது. அதை வாங்கிப் பிரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். “இதோ எழுதியிருக்கே. காலுக்காகத்தான் ஆபரேஷன். வலி முழுசாப் போகும்னு சொல்ல முடியாது, கடைசி வரைக்கும் இருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னாடியே வீட்டுக்காரங்க கிட்டச் சொல்லியாச்சுன்னு போட்டிருக்காங்க. கூட ஒரு அம்மா இருந்தாங்களே, அவங்க உங்ககிட்டச் சொல்லலையா?”

நீங்கள் சொல்லவில்லை, அத்தை.

அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வலி போகாது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாசலில் நின்று பூரணகுணம் என்று ஊருக்குச் சொன்னீர்கள். உங்கள் வாயால் சொன்ன பிறகு என் வலியை யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லையே! நான் சோம்பேறியோ, எனக்குத்தான் பொறுக்கத் தெரியவில்லையோ, ஆத்தாவுக்கு என்ன குறை வைத்தேனோ என்று என்னையே எத்தனை நாள் தின்றிருப்பேன்? உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு வீடு இரண்டாகியிருக்கும்.

வந்ததும் உங்கள் மகனைப் பிடித்தேன். “மச்சான், ஒங்களுக்குத் தெரியுமா?”

அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “தெரியும். அம்மாதேன் சொல்ல வேணாம்னுச்சு. வலி போகாதுன்னு தெரிஞ்சா அவ எந்திரிக்கவே மாட்டா, படுத்த படுக்கையாக் கெடந்துருவான்னுச்சு.”

அப்படித்தான் கிடந்திருப்பேனோ? ஆஸ்பத்திரியில் “எந்திரி, எந்திரி, நாலு நாள்ல எல்லாம் போயிரும்” என்று நீங்கள் கத்திய கத்தலில்தான் நான் முதல் அடி வைத்தேன். நீங்கள் சொன்ன பொய்தான் என்னை நடக்க வைத்ததா? அப்படியென்றால் அதற்கு உங்களைக் கும்பிடுவதா, திட்டுவதா? இன்னும் எனக்குத் தெரியவில்லை, அத்தை. இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. வலி வேண்டுதலுக்கு முன்னாலேயே டாக்டர் சொன்னது. ஆத்தா பிடித்து வைத்ததில்லை. நான் செய்த குற்றத்துக்கு வந்ததுமில்லை. இது தண்டனை இல்லை என்று தெரிந்ததும், நம்புங்கள், வலி அப்படியே இருந்தது, ஆனால் எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது.

மதினியிடம் நேராகப் போய்ச் சொன்னேன். “நான் உருள மாட்டேன். ஈரச் சேலையோட மூணு சுத்து நடந்து கும்பிட்டுக்கிறேன்.” அவர் பூசாரியிடம் போனார். பூசாரி, திருவிழா அன்று பூக்கட்டிப் பார்த்து ஆத்தாவையே கேட்டுவிடலாம் என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் நடக்கலாம், சிவப்பு வந்தால் உருள வேண்டும். “சம்மதமா தாயி?” என்று கேட்டார். நானும் சம்மதம் என்றேன். ஆத்தா என் பக்கம் பேசிவிடுவாள் என்று ஒரு நப்பாசை. தப்புத்தான்.

விடிந்தும் விடியாததுமாகக் கோயிலில் கூட்டம். ஏழெட்டுப் பேர் உருளுவதற்குத் தயாராக நனைந்து நின்றார்கள். பூசாரி பொட்டலங்களைக் குலுக்கி ஆத்தா காலடியில் போட்டார். ஒன்றை எடுத்துப் பிரித்தார். அரளிப் பூ. நல்ல சிவப்பு.

“ஆத்தா கேட்டுட்டா” என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் காதே அடைத்துப்போயிற்று. அப்புறம் என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. “நான் உருள மாட்டேன்.”

“என்ன தாயி இது? பூக் கேட்டு, வாக்கு வந்த பெறகு...”

“பூ வந்தது வந்ததுதேன். சம்மதம்னு நான் சொன்னதும் தப்புத்தேன், மன்னிச்சிருங்க. ஆனா எங்கத்தே என்ன வேண்டுச்சு? நான் எந்திரிச்சு நடக்கணும்னு வேண்டுச்சு. ஆத்தா நடக்க வச்சா. உருண்டா இந்தக் கால் திரும்பவும் போனாலும் போயிரும்னு டாக்டர் சொல்றாரு. அவ குடுத்த காலை அவ வாசல்லயே தொலைக்கவா? தொலைக்கிறதுக்கா குடுத்தா?”

பூசாரி ஆத்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மதினிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “சாகப்போற மனுசி கையப் பிடிச்சுச் சரின்னவ இவ. இப்பச் சட்டம் பேசுறா. சரி, நீ உருள வேணாம். ஒம் மகளை உருளச் சொல்லு. ஆறு வயசுப் பிள்ளை, ஒண்ணும் ஆகாது. எங்கம்மா கடன் தீந்தாச் சரி.”

சின்னவள் என் பக்கத்தில்தான் நின்றாள். என் முகத்தை அண்ணாந்து பார்த்து, “நான் உருளுறேம்மா. அப்பத்தா வீட்டுக்கு வந்துரும்ல?” என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தை நோக்கி நடந்தே போய்விட்டாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம். ஓடினேன், அத்தை. ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஓடியது அன்றைக்குத்தான். அவள் கையைப் பிடித்து இழுத்து என் பின்னால் நிறுத்திக்கொண்டேன். “அவ ஒடம்பு அவளுது! யாரு ஒடம்பை யாரு குடுக்கிறது? இந்தப் பிள்ளையக் கேட்டுத்தேன் வேண்டுனாகளா? என்னையக் கேட்டுத்தேன் வேண்டுனாகளா?” என்று கத்தினேன். கோயில் என்று பார்க்கவில்லை. சாமி என்று பார்க்கவில்லை. உங்களைத்தான் கத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது உங்கள் மகன் குடத்தைத் தூக்கினார். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் தூணோரமாக நின்ற மனிதர். அக்காவையும் பார்க்கவில்லை, பூசாரியையும் பார்க்கவில்லை. நேராக வந்து, அந்தக் குடத்துத் தண்ணீர் முழுவதையும் என் தலையில் ஊற்றினார்.

“நட” என்றார்.

நடந்தேன். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை, கோபம் என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று. என் காலோரமாக ஏழெட்டுப் பேர் மண்ணில் உருண்டு வந்தார்கள், அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். இரண்டாம் சுற்றில் வலி வந்துவிட்டது. இத்தனை வருஷம் யாராவது பார்க்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொள்வேன். அன்றைக்குக் கடிக்கவில்லை. “அய்யோ, அம்மா” என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு நடந்தேன். மூன்றாம் சுற்றில் இடது கால் இழுத்தது. இழுத்துக்கொண்டே நடந்தேன். ஊர் முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும். எனக்கு வலிக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஆத்தா முன்னால் வந்து நின்று, “எந்திரிச்சிட்டேன், நடந்துட்டேன், வலிக்கிது” என்று சொன்னேன். பூசாரி ஒரு விநாடி தயங்கினார். பிறகு திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டார். அவர் மனதில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது.

பவுனு மதினி அன்றைக்கு நம் வீட்டில் கை நனைக்காமல் போனார். இன்றுவரை பேச்சில்லை. ஊரில் பாதிப் பேர் எனக்கு இனி கெட்ட காலம்தான் என்கிறார்கள். மீதிப் பேர் வேறு மாதிரி. நேற்று மேலத்தெருவிலிருந்து இரண்டு பேர், மோர் கேட்கிற சாக்கில் வந்தார்கள். கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசிவிட்டு, அதில் ஒருத்தி குரலைத் தாழ்த்தி, “மூணாவது பிள்ளைக்குப் பெறகு எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு. யாருகிட்டயும் சொல்லல. அந்த அடுப்பை எம்புட்டு ஒசரம் வச்சுக் கட்டுனீக?” என்று கேட்டாள். அவளை நிற்க வைத்து, அவள் இடுப்புக்கே அளவெடுத்துச் சொல்லி அனுப்பினேன்.

வேறு சேதி என்ன? கிணற்றுக்குக் கரண்டு வந்துவிட்டது, மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கமலை ஓய்ந்தது. நீங்கள் வளர்த்த செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. சின்னவள் பள்ளிக்கூடத்தில் உங்கள் பேரை எழுதிக் காட்டினாளாம்.

வலி எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். அப்படியேதான் இருக்கிறது. திருவிழாவில் நடந்ததற்கு இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை, உங்கள் மகன்தான் என்னை ஒரே கட்டையாகத் திருப்பிப் படுக்க வைத்தார். இந்த வரியையும் பலகையில் மல்லாந்து படுத்து, அட்டையைத் தூக்கிப் பிடித்துத்தான் எழுதுகிறேன். இருந்துவிட்டுப் போகட்டும். அது என்னோடு இருக்கும், நான் அதற்காக யாரிடமும் தலைகுனிய மாட்டேன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் போகும்போது நான் கொடுத்த அந்தச் சரியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அத்தை. பயத்தில் கொடுத்தது அது. அதற்குப் பதிலாக என் சுய புத்தியோடு, முழு மனதோடு இதைத் தருகிறேன். கால் இருக்கிறவரை ஒவ்வொரு வருஷமும் மூன்று சுற்று நடப்பேன். வலித்தால் வலிக்கிறது என்று சொல்வேன். நீங்கள் அலைகிறீர்கள் என்பது மெய்யானால் கோயில் வாசலில் நிற்காதீர்கள், வீட்டுக்கு வாருங்கள். என்னைக் கோபிப்பதானாலும் வீட்டில் வந்து கோபியுங்கள். ஆனால் நம் சின்னவளுக்கு நாளைக்கு எது வந்தாலும், வேண்டிக்கொள்கிறவர் உங்களைப் போல அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறவராக இருந்தாலும், அவள் உடம்பை அவளைக் கேட்காமல் யாரும் எந்தச் சாமிக்கும் கொடுக்க விட மாட்டேன். நானே கொடுக்க நினைத்தாலும் விட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெற்ற மகள், உங்கள் மகனுக்கு வாய்த்த வாயாடி, நீங்கள் எழுப்பி நிறுத்திய மருமகள்,
அழகு